வலது பக்கத்துப் பெண்

அத்தியாயம் 4

"உங்க கடையில குற்றவாளி யாரும் இல்லைங்க. குற்றவாளி திகனயில இருக்கிற ஒரு வீடு" என்று நான் சொன்னதும் கடைக்காரர் அர்கம் என்னை விட்டுவிட்டு என் உதவியாளரைப் பார்த்தார். காலையில் இவருக்கு மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்கும் பார்வை அது.

"போட்டுட்டாரு" என்றாள் வேலாயி. "மாத்திரை போட்டாத்தான் இப்படிப் பேசுவாரு. போடலன்னா தெளிவா இருப்பாரு."

கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு பல் வைத்தியரின் தலைக்கு மேலே எனக்கு ஓர் அறை உண்டு. 'இராமகிருஷ்ணன், தனியார் விசாரணை' என்று பலகை தொங்குகிறது. பல் வலியோடு வருகிறவர்கள் கதவைத் தவறவிட்டு மேலே ஏறி வந்துவிடுவார்கள். அவர்களில் சிலருடைய பல்லை நானே பிடுங்கி அனுப்பியிருக்கிறேன். கீழே இறங்கி வைத்தியரிடம் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். இதுவரை அவர் குறை சொன்னதில்லை.

வேலாயி தெல்தோட்டைக்காரி. வயது முப்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். குடும்பத்தில் யாரோ மூத்தவரின் பெயரை அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். தொலைபேசியில் பெயரைச் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் யாரோ கிழவி என்று நினைத்து, பெற்ற தாயிடமும் சொல்லாததைச் சொல்லிவிடுவார். எங்கள் தொழிலில் பாதி அந்தப் பெயரால் நடக்கிறது. மற்றப் பாதி நடப்பதில்லை.

அர்கமின் கணினிக் கடையில் நாங்கள் நின்றதற்குக் காரணம் ஒரு கிராஃபிக்ஸ் காட். கணினிக்குள் செருகுகிற பொருள், படங்களைத் திரைக்குக் கொண்டுவருவது. ஓர் இறாத்தல் பாண் ரொட்டி அளவு இருக்கும். விலையைக் கேட்டால் பாண் ஞாபகமே வராது. திகனயைச் சேர்ந்த பாரூக் ஹாஜியார் அதை வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் கணினிக்குள் பூட்டியதும் அது அணைந்து அணைந்து விழுந்தது. கடைக்குத் தூக்கி வந்து ஓட்டினால் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. திரும்பக் கொண்டுபோனால் திரும்ப விழுந்தது. கடையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். ஆள் இருக்கும்வரை ஓடியது. ஆள் பஸ் ஏறியதும் நின்றது.

கொழும்பில் இருக்கும் ஹாஜியாரின் தங்கை மகன், மருமகன் முறைக்காரர் ஒருவர், 'பழைய காட்டைப் புதிய பெட்டியில் போட்டு விற்கும் கடை' என்று முகநூலில் ஏற்றிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அர்கம் யோசித்தார். காட் மாறியிருந்தால் மாற்றியவர் இருவரில் ஒருவர். ஹாஜியார் பள்ளியில் முன் வரிசையில் தொழுகிறவர். ஆகவே மாற்றியவள் அதை விற்ற ஷஹ்மா.

"வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு முந்தி விசயம் வெளிச்சமாகல்லயெண்டா, அவவ நிப்பாட்டத்தான் வேணும்" என்றார் அர்கம். கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர்.

ஷஹ்மா கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றாள். மெலிந்த பெண். அழுது முடித்து, முகம் கழுவி, மீண்டும் வேலைக்கு நின்ற முகம்.

"வேலை போனா என்ன செய்வீங்கம்மா?" என்று கேட்டேன்.

"மாமி ஊட்டுக்குத்தான் போகோணும். அங்க எனக்கொரு மாப்பிள்ள பாத்து வெச்சீக்கிறாங்க."

"நல்லதுதானே?"

"மூணு புள்ளயோட வெச்சீக்கிறாங்க."

வேலாயி என் பக்கம் திரும்பி, "சார், இந்தக் கேஸ்ல நாம தோக்கக் கூடாது" என்றாள்.

முதலில் மாற்றம் நடந்ததா என்று பார்த்தேன். பெட்டியில் அச்சிட்டிருந்த இலக்கமும், காட்டின் முதுகில் ஒட்டியிருந்த இலக்கமும் ஒன்றே. திருகாணியின் மேல் கம்பனி ஒட்டிய சிறிய காகிதம் கீறல்கூடப் படாமல் இருந்தது. விற்ற பொருள்தான் திரும்பி வந்திருக்கிறது. ஷஹ்மா மாற்றவில்லை, ஹாஜியாரும் மாற்றவில்லை. கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை. அப்படியானால் பிடிக்க வேண்டியது வீட்டைத்தான். இதைச் சொன்னதற்குத்தான் அந்தப் பார்வை.

"வீட்டுக் கரண்டில கோளாறு எண்டு செல்லுவீங்க. அதையும் பாத்தாச்சி" என்றார் அர்கம். "எங்கட பொடியன் மீட்டர் வெச்சிப் பாத்த. கரண்ட் தங்கம் மாதிரி."

நான் ஷஹ்மாவிடம் கேட்டேன். "ஹாஜியார் இத வாங்கின கதைய ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க. அவரு என்ன கேட்டாரு, நீங்க என்ன சொன்னீங்க. ஒண்ணும் விடாம."

அவள் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. தன் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் வருகிற வெளிச்சம். அலுமாரியிலிருந்து மூன்று பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தாள். மூன்றும் தீபாவளிப் பட்டாசுப் பெட்டிகள்போல் மின்னின. ஒவ்வொன்றின் நெற்றியிலும் முதுகிலும் அதனதன் பெருமை எழுதியிருந்தது.

"கன நாள் வந்தாரு. வந்தா இந்தக் கதிரையில இருந்து, கண்ணாடியப் போட்டு, ஒவ்வொரு வரியா வாசிப்பாரு. இதில எட்டு ஜீபீ எண்டு ஈக்கி, அதில பன்னெண்டு எண்டு ஈக்கி, அப்ப பன்னெண்டுதானே நல்லம் எண்டாரு. நான் சென்னன், ஹாஜியார், அது பழைய சாதி. மெமரி கூட, ஆனா மூள மெதுவு."

"எங்க மாமா ஒருத்தர் அப்படித்தான்" என்றாள் வேலாயி. "சண்டை போட்ட நாளெல்லாம் ஞாபகம் இருக்கும். எதுக்குப் போட்டோம்னுதான் தெரியாது."

"பொறகு இதக் கேட்டாரு." ஷஹ்மா இன்னொரு பெட்டியின் மூலையைத் தொட்டுக் காட்டினாள். "எட்டு கே எண்டு போட்டீக்கி. அந்தப் பெரிய டீவிய இதில கொழுவலாம் எண்டு மட்டும்தான் அதுக்குக் கருத்து. அவ்வளவு பெரிய படத்தில கேம் ஓடும் எண்டு இல்ல."

"எங்க வீட்டு வாசல்ல மந்திரியே நுழையலாம்" என்றாள் வேலாயி. "அவ்வளவு அகலம். இதுவரைக்கும் தபால்காரர்தான் நுழைஞ்சிருக்காரு."

"மூணு ஃபேன் ஈக்கிறது ரெண்டு ஃபேன விட நல்லமா எண்டாரு. 'சத்தமே இல்லை' எண்டு இதில எழுதியீக்கிறது உண்மயா எண்டாரு. உண்மைதான் எண்டு சென்னன். சூடு இல்லாட்டி ஃபேன் சுத்தாது, அதுதான் சத்தமில்ல. வாங்கிட்டுப் போன அடுத்த நாளே வந்துட்டாரு, ஃபேன் சுத்துதில்ல எண்டு." அவளுக்கே சிரிப்பு வந்தது. "ஹாஜியார், அதத்தானே பெருமையா எழுதியீக்கிறாங்க எண்டன்."

"அணைஞ்சு விழுறது?"

"அது பொறகு." சிரிப்பு போய்விட்டது.

"எதுக்கு வேணும்னு சொன்னாரு?"

"கேம் விளையாட. கார் ஓட்டப் போட்டி எண்டாரு."

பாரூக் ஹாஜியாருக்கு வயது எழுபதுக்கு மேல். எழுபதுக்கு மேல் கார் ஓட்டப் போட்டி விளையாடுவது குற்றமல்ல. நான் அறுபத்தெட்டு வயதில் ஹந்தானை மலைச் சரிவில் மாட்டு வண்டியில் ஒரு மோட்டார் சைக்கிளை முந்தியிருக்கிறேன். மாடு அதைப் பற்றி இன்றும் பேசுவதில்லை. ஆனாலும் எனக்கு ஏதோ உறுத்தியது.

"இந்த மூணு பெட்டியிலயும் அவரு திரும்பத் திரும்பக் கேட்ட வரி எது?"

ஷஹ்மா யோசிக்கவே இல்லை. மூன்று பெட்டிகளையும் புரட்டி, முதுகில் பொடி எழுத்தில் இருந்த ஒரே கருத்துள்ள வரியைக் காட்டினாள். பழைய, மங்கலான வீடியோவைச் செயற்கை நுண்ணறிவால் துல்லியமாக்கும் என்று மூன்றும் மூன்று விதமாகச் சத்தியம் செய்திருந்தன.

"எதில கூடத் தெளிவா வரும், எதில கூடத் தெளிவா வரும் எண்டு இதத்தான் கேட்டுக்கொண்டு ஈந்தாரு. ஒவ்வொரு நாளும்."

"காரு ஓட்டுறவருக்குப் பழைய வீடியோ எதுக்கு?" என்றாள் வேலாயி.

நான் தொப்பியைப் போட்டுக்கொண்டேன். "ஷஹ்மா, அந்தக் காட்டப் பெட்டியில போட்டு எடுத்துக்கங்க. நீங்களும் வாங்க. திகனக்குப் போறோம்."

பஸ்ஸில் கூட்டம் இல்லை. மழை யன்னலில் சாய்ந்து வழிந்தது. ஷஹ்மா பெட்டியை மடியில் வைத்து, நோயாளிப் பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள். பல்லேகல கிரிக்கெட் மைதானம் வந்ததும், அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, அங்கே நடந்த ஒரு பந்தயத்தில் அடித்த ஆறு ஓட்டப் பந்து பறந்து வந்து இதே பஸ்ஸின் யன்னலுக்குள் விழுந்ததையும், கொண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்டதையும், பந்து திகனயில் இறங்கியதையும் சொன்னேன்.

"மிச்சக் காசு வாங்குனிச்சா?" என்றாள் வேலாயி, வெளியே பார்த்தபடி.

"இல்ல. கொண்டக்டர் சில்லறை இல்லைன்னுட்டாரு."

ஷஹ்மா சிரிக்கவில்லை. பெட்டியின் மேல் விழுந்த மழைத் துளியைச் சால்வை நுனியால் துடைத்தாள்.

ஹாஜியாரின் வீடு பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. புதிய வீடு. பெரிய வீடு. பத்துப் பேர் சுற்றி இருந்து சாப்பிடக்கூடிய மேசையின் ஒரு மூலையில் ஒரு கோப்பை, ஒரு பீங்கான் தட்டு. மற்ற மூலைகளில் வெறும் மினுக்கம். ஒரு மகன் டோஹாவில், ஒரு மகள் மெல்பேர்னில் என்று சொன்னார். சுவர்க் கடிகாரம் அங்கே சத்தமாக ஓடியது. நானும் தனியாக இருக்கிறவன், ஆகவே எனக்குத் தெரியும்: கடிகாரம் எல்லா வீட்டிலும் ஒரே சத்தத்தில்தான் ஓடும்.

ஹாஜியார் வெள்ளைத் தொப்பியும் சாரமுமாக, நெடுநெடுவென்று இருந்தார். எங்களைக் கண்டதும் வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டு, "ஒரு நிமிசம்" என்று அவசரமாக உள் அறைக்குள் போனார். அலுமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு வந்து, "வாங்கோ, வாங்கோ" என்றார்.

ஷஹ்மா கணினியின் பக்கக் கதவைக் கழற்றிக் காட்டைப் பூட்டினாள். ஓட்டினாள். ஓடியது. ஹாஜியாரே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். குடித்தோம். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க ஈக்கும்போது ஒண்டும் செய்யாது. எனக்குத் தெரியும். நான் பொய் செல்றேன் எண்டுதான் நீங்க நெனக்கிற."

"இல்லைங்க ஹாஜியார்" என்றேன். "கார் ஓட்டப் போட்டினு சொன்னீங்களாமே. எந்தக் காரு ஓட்டுவீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வெள்ளக் கார்."

"எவ்வளவு வேகம் போகும்?"

"நான் மெதுவாத்தான் போற."

வேலாயி இருமலை விழுங்கினாள். எழுந்து, சும்மா பார்க்கிறவள்போல் வீட்டைச் சுற்றி வந்தாள். சமையலறை வாசல்வரை போய்த் திரும்பினாள். திரும்பி வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றாள்.

"சார், இந்த வீட்டுல டீவிக்கு உடுப்பு இருக்கு. ஃப்ரிட்ஜுக்கு இருக்கு. ரேடியோவுக்கு, தையல் மெஷினுக்கு, கேஸ் சிலிண்டருக்கு. ரிமோட்டுக்குக்கூட ஒரு சட்டை போட்டிருக்கு."

பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு பொருளுக்கும் கையால் பின்னிய வெள்ளை உறை. விளிம்பில் சுருக்கு, நடுவில் பூ. எங்கள் பக்க வீடுகளில் புதிதல்ல. தூசி படக்கூடாது என்று பெண்கள் பின்னிப் போடுவதுதான். ஆனால் இவ்வளவு ஒழுங்காக, ஒன்றும் விடாமல் போட்ட வீட்டை நான் கண்டதில்லை. கம்பளையில் ஒருவர் கோழிக்குப் பின்னிப் போட்டிருந்தார். அது வேறு விவகாரம்.

"இந்தக் கொம்பியூட்டர் மட்டும் அம்மணமா நிக்குது" என்றாள் வேலாயி.

பிறகு கணினியின் கறுப்புத் தலையின்மேல் குனிந்து, விளக்கு வெளிச்சம் சரிவாக விழும்படி பார்த்தாள். என்னையும் கூப்பிட்டாள். கறுப்புத் தகட்டின்மேல் மெல்லிய தூசி. எல்லா இடமும் ஒன்றுபோல் அல்ல. வட்டம் வட்டமாக, இதழ் இதழாக, வரிசைக்கு வரிசை பிசகாமல் விழுந்திருந்தது. மாவால் போட்ட கோலம் மாதிரி.

"தூசிக்குப் பூப் போடத் தெரியுமா சார்?"

"தெரியாது. பின்னலோட ஓட்டை வழியா விழுந்தா மட்டும் தெரியும்."

வேலாயி ஹாஜியாரின் முன்னால் போய் நின்றாள். குரலில் கேலி இல்லை. "ஹாஜியார், இதோட உடுப்பு எங்க? ஆளு வந்தா கழட்டி அலுமாரியில வைக்கிறீங்களா?"

அவர் உள் அறைப் பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கொண்டுவந்தார். இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். கணினிக்கு அளவெடுத்துத் தைத்த உறை. மேலே வெள்ளைப் பின்னல். பக்கங்கள் முழுக்கக் கடும் பச்சை வெல்வெட், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து நிலம்வரை தொங்கும் அங்கி. பின்னால் கம்பிகள் போவதற்கு மட்டும் ஒரு சிறு வாசல், அதற்கும் பொத்தான்.

"வேலைக்கு வாற ஆக்கள் கை எல்லாம் எண்ணெய்" என்றார். "பட்டுடும் எண்டு பயம். அதுதான் கழட்டி வெக்கிற. அவங்க போனதும் போடுற."

"ஓடிக்கொண்டு ஈக்கும்போதும் போட்டா ஈப்பீங்க?" என்று கேட்டாள் ஷஹ்மா.

"ஊட்டுப் பொம்புள ஈக்கும்போதும் அப்படித்தான் மகள். பழைய கொம்பியூட்டருக்கும் இதேதான், பொட்டி அதே அளவு. ஒரு நாளும் கழட்ட உடமாட்டா. தூசி போகும் எண்டு ஏசுவா. அப்ப ஒண்டும் ஆகல்லயே?"

"அது பழசு ஹாஜியார். அது சூடாகாது. இந்தக் காட் வேல செய்யும்போது அடுப்பு மாதிரி கொதிக்கும். ஃபேன் சுத்தினாலும் காத்து எங்கால வாறது? மூச்சுத் திணறி அணையுது." சொல்லிக்கொண்டே ஷஹ்மா நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அதுக்குத்தான். அதுக்குத்தான் அணஞ்சீக்கி."

வழக்கு அத்தோடு முடிந்தது. ஹாஜியார் தொலைபேசியை எடுத்து அர்கமை அழைத்தார். "அர்கம், பிழை என்ட. அந்தப் புள்ளய வேலயால நிப்பாட்டினீங்கெண்டா நான் உங்கட கடைப் படி மிதிக்க மாட்டன். மருமகனுக்கு நான் செல்லிக்கொள்றன்." மறுமுனையில் அர்கம் ஏதோ சொன்னார். ஹாஜியார் தொலைபேசியைச் சற்று விலக்கிப் பிடித்து எங்களைப் பார்த்தார். "இத விடப் பெரிய காட் ஒண்டு வந்தீக்காம். சூடு குறைவாம்."

"நான் வேணும்னா பேசட்டுமா?" என்றாள் வேலாயி.

ஷஹ்மா சால்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள், அல்லது அழுதாள். மூன்று பிள்ளைகளோடு இருந்த அந்த மாப்பிள்ளைக்கு அந்த நேரத்தில் எங்கோ புரையேறியிருக்கும்.

புறப்படலாம் என்று எழுந்தேன். துப்பறிகிறவன் காரியம் முடிந்ததும் போய்விட வேண்டும். ஆனால் வேலாயி நகரவில்லை.

"ஹாஜியார், எந்த வீடியோ?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெண்கள் இருவரையும் பார்த்தார். சால்வை மடிப்பைச் சரிசெய்வதுபோல் உறையின் பச்சை வெல்வெட்டை நீவினார்.

"முந்தி எங்களுக்குக் கடையும் மேலால ஊடும் ஒண்டாத்தான் ஈந்த. அந்த மார்ச் மாசக் கலவரத்தில எரிஞ்சது. அல்பம் எல்லாம் உள்ளுக்கு. ஸுலைஹாக்கு ஃபோட்டோ பிடிக்கிறது விருப்பமில்ல, ஈந்ததும் கொஞ்சம்தான். அதுவும் போச்சி. இந்த உடுப்பு மட்டும் தச்சிக் குடுத்த ஆள் ஊட்டில கழுவக் குடுத்து ஈந்ததால தப்பிச்சி. மத்ததெல்லாம் புது ஊட்டுக்கு வந்து பின்னினது. எல்லாத்துக்கும் பின்னினா. பின்னி முடிச்சிட்டுப் போயிட்டா."

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"மவுத்தாகி ஒரு வருசம் போகச் சொந்தக்காரப் புள்ள ஒண்டு பழைய கலியாண வீடியோக் கொப்பி ஒண்டு அனுப்பினா. அதில அவ போறா. வட்டலப்ப இனிப்புத் தட்ட எடுத்துக்கொண்டு, பின்னால. கண்ண மூடித் தொறக்க முந்திப் போயிடுவா. மொகம் ஒரு வெள்ளப் புள்ளி மாதிரித்தான் தெரியும். அதத் தெளிவாக்கலாம் எண்டு பெட்டியில போட்டீந்திச்சி."

ஷஹ்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அத எங்கள்ட்ட செல்லியிருக்கலாமே ஹாஜியார்."

"உன்னத் தவிர கடை முழுக்க ஆம்புளையாள். ஊட்டுப் பொம்புளட மொகத்தத் தெளிவாக்கித் தாங்கோ எண்டு எப்படி மகள் கேக்கிற? கார் ஓட்டப் போற எண்டு சென்னன்." பிறகு என் பக்கம் திரும்பினார். கூச்சமாக இருந்தது அவருக்கு. "ஐயா, கோவிக்க வாணாம். புள்ளைகள் ரெண்டு பேரும் உள்ளுக்கு இருந்து ஓட்டிப் பாக்கட்டும். நீங்க…"

"நான் வெளியில இருக்கேங்க" என்றேன்.

ஆகவே இந்த வழக்கின் மிக முக்கியமான கட்டத்தை, துப்பறிகிறவனாகிய நான் முன் விறாந்தையில் ஒரு கதிரையில் உட்கார்ந்து, ஒரு வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டே கழித்தேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. ஓசைகள்தான் வந்தன. ஷஹ்மா விசைப்பலகையைத் தட்டினாள். காற்றாடிகள் முதலில் சத்தமில்லாமல் இருந்து, பிறகு மெதுவாகச் சுழன்று, கடைசியில் தேயிலை ஃபெக்டரி தூரத்தில் ஓடுவதுபோல் இரைந்தன. பெட்டியில் 'சத்தமே இல்லை' என்று எழுதியவரை நினைத்துக்கொண்டேன்.

இந்த முறை அணையவில்லை. மழை விட்டது. வாழை இலையில் தேங்கிய தண்ணீர் சரிந்து விழுந்தது. அசர் தொழுகைக்கு அழைப்பு வந்தது. ஹாஜியார் எழுந்து போய்த் தொழுதுவிட்டு வரும்வரை இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் என் அறையைப் பற்றி யோசித்தேன். அங்கே ரேடியோ ஒன்று இருக்கிறது, உறை இல்லை. தூசி தட்டச் சொல்லி ஏச ஒருவரும் இல்லை.

பிறகு உள்ளே ஷஹ்மா, "வந்துட்டுது ஹாஜியார்" என்று சொன்னது கேட்டது.

வேலாயி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. வேலாயி பேசாத இடம் நல்ல இடமாக இருந்ததே இல்லை.

"இது ஆரு?" என்றார் ஹாஜியார்.

"ஹாஜியார்…"

"நல்லாப் பாரு மகள். வேற ஆள எடுத்துட்டியா? இந்தப் பொம்புள ஆரு?"

ஷஹ்மாவின் குரல் மிகத் தாழ்ந்து வந்தது. "அதே ஆள்தான் ஹாஜியார். பழைய படத்தில மொகம் அவ்வளவு சின்னப் புள்ளி. அதில இல்லாதத மெஷின் எங்கால எடுக்கிற? அது முந்திப் பாத்த லட்சக்கணக்கான மொகங்கள வெச்சி, இப்படி ஈக்கும் எண்டு ஒண்டச் செய்யும். கண், மூக்கு எல்லாம் அது செஞ்சது."

"நான் கேட்டேனே. ஒவ்வொரு பெட்டியா வெச்சிக் கேட்டேனே, எதில கூடத் தெளிவா வரும் எண்டு."

"தெளிவுதான் ஹாஜியார் எழுதியீந்திச்சி." அவள் இப்போது உண்மையாகவே அழுதாள். "அவங்களே வருவாங்க எண்டு எதிலயும் எழுதியீக்கல்ல. நீங்க யாரப் பாக்கப் போறீங்க எண்டு தெரிஞ்சீந்தா நான் வித்தீக்க மாட்டன்."

காற்றாடியின் இரைச்சல் இன்னும் கேட்டது. அதுவும் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. சூடு தணிந்துவிட்டது போலும்.

கதவு திறந்தது. ஹாஜியார் நின்றார்.

"ஐயா, நீங்களும் உள்ளுக்கு வாங்கோ."

"இல்லைங்க ஹாஜியார், நான் இங்கேயே…"

"வாங்கோ. இவவ நீங்க பாக்கலாம். இவ எனக்கு ஆருமில்ல."

உள்ளே போனேன். படத்தை நிறுத்தியிருந்தார்கள், திரை இரண்டு பாதியாகப் பிரிந்திருந்தது. இடது பக்கம் பழைய வீடியோ, வலது பக்கம் புதியது. பார்க்கிறவர் ஒப்பிட்டுக்கொள்வதற்காக அப்படிக் காட்டுவார்களாம். நான் திரையை நெருங்கும் முன் ஹாஜியார் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றினார். அதை விரித்து, இடது பாதியில் அந்த வெள்ளைப் புள்ளி முகத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வலது பக்கத்தைப் பார்த்தேன். அழகான பெண். வில் மாதிரிப் புருவம். கண்ணிமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். உதட்டோரம் ஈரம்கூடத் தெரிந்தது. வட்டலப்பத் தட்டின் முந்திரிப் பருப்பு மினுமினுத்தது. பெட்டியில் எழுதியதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

"எப்படி?" என்று கேட்டார்.

எத்தனையோ பேரிடம் எத்தனையோ கதை விட்டிருக்கிறேன். அப்போது ஒன்றும் வரவில்லை. "நல்லா இருக்காங்க" என்றேன்.

"ஓ. ஆரு பெத்த புள்ளயோ."

ஷஹ்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். வேலாயி என் சட்டைக் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். நான் திரும்பிய நேரத்தில், ஹாஜியார் திரைக்கு மிகக் கிட்டக் குனிந்தார். தொப்பியின் ஓரத்தை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தூக்கி, அவர் மட்டும் உள்ளே பார்த்தார்.